சேதமும் செப்பமும்: புற்றுநோயைத் தடுக்கும் உள்தோல்

மும்பைத் தமிழர் செறிந்து வாழும் மூன்று பேட்டைகளில் வாயில் போட்டு மெல்லும் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. மாதுங்காவின் பூக்கடைகளில் மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்திலேயே வெற்றிலைக் கட்டு ஈரத்துணி போர்த்திக் கிடக்கும். தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் சீவலையும் புகையிலையையும் சுண்ணாம்புத் துளியையும் பிளாஸ்டிக் தாளில் வைத்துக் கசக்கி மாவா கட்டித் தருவார்கள். செம்பூர்க் கல்யாண விருந்துகளில் தாம்பூலத் தட்டு வராமல் இருக்காது. மராத்தியப் பெண்கள் பலர் ஈறில் தேய்க்கும் மிஸ்ரியும் வறுத்துப் பொடித்த புகையிலைதான். குட்காவை மகாராஷ்டிர அரசு 2012 ஜூலையில் தடை செய்தது. பழக்கம் தடைக்குக் கட்டுப்படவில்லை.

இந்தப் பழக்கத்தை விடச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “இத்தனை வருஷம் போட்டாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?” அந்தப் பதிலுக்குள் ஓர் உயிரியல் கணக்கு ஒளிந்திருக்கிறது. சேதம் ஏறினால் ஏறினதுதான், உடம்பு அதற்கு எதுவும் செய்யாது என்ற கணக்கு. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் அது தவறு என்பது தெரிகிறது. வாயின் உள்தோலும் தொண்டையும் மூச்சுக்குழாயும் கருப்பை வாயும் சேதத்தை நாள்தோறும் சந்திக்கின்றன, நாள்தோறும் செப்பனிடுகின்றன. செப்பனிட முடியாத செல்லைக் கொல்கின்றன, உதிர்க்கின்றன, வெளியே தள்ளுகின்றன. இந்த வேலைகள் எப்படி நடக்கின்றன, எங்கே தோற்கின்றன, தோற்பதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் ஆய்வுகளில் கணிசமானவை மும்பையிலேயே நடந்தவை.

நெய்யூரிலிருந்து பரேல் வரை

வாய்ப்புற்றுக்கும் வெற்றிலை பாக்குக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் கண்டறிந்த கதையில் தென்னிந்தியாவுக்கு முதல் இடம் உண்டு. 1902இல் சென்னை மருத்துவர் நிப்லாக் இதைப் பற்றி எழுதினார். 1908இல் பென்டால் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் பார்த்த 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றியவர் அவர். அந்த வட்டாரத்து வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றைப் பற்றி ஓர் (Orr) என்பவர் எழுதிய கட்டுரை 1933இல் லான்செட் இதழில் வந்தது. புகையிலையோடு சேர்த்த தாம்பூலம் கன்னத்தில் எந்த இடத்தில் அடங்கிக் கிடக்கிறதோ அங்கேதான் புண் வருகிறது என்பது இந்த மருத்துவர்களின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

1941 பிப்ரவரி 28 அன்று மும்பையின் பரேலில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் நோய்க்குறியியல் துறையை வளர்த்தவர் வி. ஆர். கானோல்கர். மூன்றே ஆண்டுகளில், அடுத்தடுத்து வந்த 1,000 வாய்ப்புற்று நோயாளிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். புற்றுநோய் தலைவிதி அல்ல, வாழும் முறையோடும் பழக்கத்தோடும் கட்டுண்டது என்ற சிந்தனையை இந்தியாவில் வேரூன்றச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1952இல் தொடங்கிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்கும் அவரே இயக்குநர்.

பாக்கு மெல்வோரின் கன்னம் இறுகி, வாய் திறக்க முடியாமல் போகும் நிலையை 1953இல் பம்பாயின் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜோஷி விவரித்தார். 1963இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஜுசாவாலா நாட்டின் முதல் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேட்டை இந்த நகரில் நிறுவினார். 1966 முதல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஃபாலி மேத்தாவும் அவருடைய குழுவினரும் எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் முதலிய மாவட்டங்களின் கிராமங்களுக்குப் போய் வீடு வீடாக வாயைத் திறந்து பார்த்தார்கள். நோய் யாருக்கு வருகிறது என்ற கேள்விக்கு இவர்கள் விடை கண்டார்கள். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி அடுத்த தலைமுறைக்கு மிஞ்சியது.

எல்லையில் இருக்கும் திசு

பள்ளிப் பாடத்தில் எபிதீலியம் என்று படித்த திசுதான் இங்கே கதாநாயகன். உடம்பின் வெளிப்பரப்பையும், வாய், உணவுக்குழாய், மூச்சுக்குழாய், குடல், கருப்பை வாய் ஆகியவற்றின் உட்பரப்பையும் மூடியிருக்கும் செல் அடுக்கு அது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பத்தில் எட்டுக்கு மேல் இந்தத் திசுவில் பிறப்பவை. காரணம் எளிது. புகையும் வெயிலும் காரமும் கிருமியும் முதலில் தொடுவது இதைத்தான். தேய்ந்துகொண்டே இருப்பதால் ஓயாமல் பிரிந்து பெருக வேண்டியதும் இதுதான்.

கன்னத்தின் உட்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பல பத்து செல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள அடித்தள அடுக்கில்தான் செல்கள் பிரிகின்றன. பிறந்த செல் மேலே நகர்ந்து, தட்டையாகி, சுமார் இரண்டு வாரத்தில் எச்சிலோடு உதிர்ந்துவிடும். குடலின் உள்தோலுக்கு இந்தப் பயணம் மூன்று முதல் ஐந்து நாள். வெளித்தோலுக்கு ஒரு மாதத்தை ஒட்டி ஆகும்.

இந்த அமைப்பே ஒரு பாதுகாப்பு. மேலடுக்குச் செல் ஒன்றின் டி.என்.ஏ. எவ்வளவு கெட்டுப்போனாலும் அது சில நாளில் உதிர்ந்து போகும், சந்ததி விடாது. அடித்தளத்தில் நீண்டகாலம் தங்கும் தண்டுச் செல்லில் ஏற்படும் சேதம் மட்டுமே நிலைக்கும். எனவே புற்றுநோயை எதிர்க்கும் வேலையின் பெரும்பகுதி அந்த அடித்தளத்தில் நடக்கிறது.

அறுபடும் இழை, அதைத் தைக்கும் கை

புகையிலையோ பாக்கோ தொடாத மனிதரின் செல்லிலும் டி.என்.ஏ. உடைந்துகொண்டுதான் இருக்கிறது. உடல் வெப்பத்தாலும் நீராலும் மட்டுமே ஒரு செல்லுக்கு ஒரு நாளில் சுமார் பத்தாயிரம் இடங்களில் டி.என்.ஏ. எழுத்துகள் கழன்று விழுகின்றன என்று சுவீடனில் பிறந்த தாமஸ் லிண்டால் கணக்கிட்டார். இவ்வளவு சேதத்தோடு உயிர் நிலைக்கிறதென்றால் அதைச் சரிசெய்யும் ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்த ஏற்பாடுகளைக் கண்டறிந்ததற்காக லிண்டாலுக்கும் பால் மோட்ரிச்சுக்கும் அஜீஸ் சன்ஜாருக்கும் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சேதத்தின் வகைக்கு ஏற்பச் செப்பனிடும் புரதக் கூட்டமும் மாறும். ஒற்றை எழுத்து கெட்டால் அதை மட்டும் வெட்டி எடுத்துப் புதிது வைக்க ஒரு கூட்டம். புகையிலை வேதிப்பொருள் டி.என்.ஏ.வில் பருமனாக ஒட்டிக்கொண்டால், சுற்றியுள்ள துண்டையே கத்தரித்து மறுபடி நிரப்ப இன்னொன்று. இரட்டை இழையும் அறுந்தால் அது செல்லுக்குப் பேராபத்து. ஏ.டி.எம். என்ற புரதம் அந்த முறிவைச் சில நிமிடங்களில் உணர்ந்து பக்கத்திலுள்ள புரதங்களுக்கு வேதிக்குறி இடுகிறது. ஆய்வுக்கூடத்தில் சாயமேற்றினால் ஒவ்வொரு முறிவும் உட்கருவுக்குள் ஒளிப்பொட்டாகத் தெரியும். எத்தனை பொட்டு என்று எண்ணலாம்.

அந்தக் குறி பி53 என்ற புரதத்தை எட்டுகிறது. 1979இல் கண்டறியப்பட்ட இதை, 1992இல் டேவிட் லேன் மரபணுத் தொகுதியின் காவலர் என்று அழைத்தார். சேதம் சிறிதென்றால் பி53 செல் பிரிவதை நிறுத்திவைத்துச் செப்பனிட அவகாசம் தருகிறது. பெரிதென்றால் செல்லைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்கிறது. கடும் வெயிலுக்குப் பிறகு தோல் உரிவதற்குப் பின்னால் இந்தத் தற்கொலைச் செல்களும் இருக்கின்றன. யானைக்கு இந்த மரபணுவின் பிரதிகள் சுமார் இருபது உண்டு. மனிதருக்கு ஒரு ஜோடி மட்டுமே. அவ்வளவு பெரிய உடம்பும் நீண்ட ஆயுளும் கொண்ட யானைக்குப் புற்றுநோய் அரிதாக வருவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்று 2015இல் வெளியான ஆய்வுகள் கூறின. சேதமடைந்த யானைச் செல் மனிதச் செல்லைவிட எளிதில் உயிரை விட்டுவிடுகிறது.

செப்பனிடும் வேலை எவ்வளவு முக்கியம் என்பதை, பிறவியிலேயே அது குறைபட்டவர்களின் நிலை காட்டுகிறது. ஃபான்கோனி ரத்தசோகை உள்ளவர்களுக்கு டி.என்.ஏ. இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் சேதத்தைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது. வெற்றிலை, புகையிலையைத் தொடாதபோதும் அவர்களுக்கு இளம் வயதிலேயே வாய்ப்புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு அதிகம்.

பாக்கு செய்யும் இரட்டைக் கேடு

தாம்பூலம் அல்லது மாவா கன்னத்தில் அடங்கியிருக்கும் அரைமணி நேரத்தில் என்ன நடக்கிறது? சுண்ணாம்பு வாயைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோகிறது. அந்தச் சூழலில் பாக்கின் துவர்ப்புப் பொருள்களிலிருந்து வினைமிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறந்து டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. புகையிலையின் நைட்ரோசமின்கள் டி.என்.ஏ. எழுத்துகளில் ஒட்டிக்கொள்கின்றன. பாக்கின் அரிகோலினிலிருந்தும் வாய்க்குள்ளேயே நைட்ரோசமின்கள் உருவாகின்றன. பாக்கில் உள்ள செம்பு நார்த்திசு வளர்வதைத் தூண்டுகிறது. கன்னம் மெல்ல மெல்ல இறுகுகிறது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2003இல் அறிவித்ததற்கு இப்படிப்பட்ட சான்றுகளே அடிப்படை. ‘வெறும் பாக்குதானே’ என்ற ஆறுதலுக்கு அதன்பின் இடமில்லை.

சேதத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும். கன்னத்தின் உட்பக்கத்தை மரக்குச்சியால் மெல்ல வழித்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், தட்டையான செல்லும் நடுவில் உருண்டை உட்கருவும் தெரியும். சில செல்களில் அந்த உட்கருவுக்குப் பக்கத்தில், அதே நிறத்தில், மிகச் சிறிய இன்னொரு பொட்டு இருக்கும். செல் பிரியும்போது வழிதவறிய குரோமோசோம் துண்டு தனியே சுருண்டு உருவான நுண் உட்கரு அது. அடித்தளத்தில் உருவான இந்தக் குறி மேற்பரப்புக்கு வந்துசேர ஓரிரு வாரம் ஆகும். எனவே இன்று எடுத்த வழிப்பு அண்மை வாரங்களின் சேதத்தைச் சொல்கிறது. 1980களில் கனடாவின் ஹான்ஸ் ஸ்டிச்சும் மிரியம் ரோசினும் வெற்றிலை பாக்கு மெல்வோரின் கன்னத்தில் இத்தகைய செல்கள் கூடுதலாக இருப்பதை எண்ணிக் காட்டினார்கள்.

சேதப்படுத்துவது ஒரு கேடு. செப்பனிடும் கையையே கட்டிப்போடுவது இன்னொரு கேடு. நைட்ரோசமின்கள் குவானின் எழுத்தில் ஒட்டவைக்கும் மெத்தில் குழுவைப் பிடுங்கி எடுக்க எம்.ஜி.எம்.டி. என்ற புரதம் இருக்கிறது. தீக்குச்சி ஒருமுறைதான் எரியும் என்பதுபோல, இந்தப் புரத மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரே ஒரு சேதத்தை நீக்கிவிட்டுத் தானும் செயலிழந்துவிடும். சேதம் அதிகமானால் கையிருப்பு தீர்ந்துபோகும். மும்பைப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் பிடேயும் குல்கர்னியும் சுவீடன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வு, புகையிலைச் சாறும் தாம்பூலச் சாறும் இந்தப் புரதத்தின் வேலையையே ஒடுக்குகின்றன என்று காட்டியது. உடைக்கிறவனும் அவனே, தச்சனின் உளியைப் பறிக்கிறவனும் அவனே என்று ஆகிறது.

பக்கத்துச் செல்லின் காவல்

செல் தனக்குள்ளேயே செய்துகொள்ளும் பாதுகாப்பு பாதிக்கதைதான். எபிதீலியத்தில் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடப்பதால், ஒரு செல் கெட்டால் அக்கம்பக்கத்துச் செல்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஜப்பானின் யசுயுகி ஃபுஜிட்டாவும் அவருடைய குழுவினரும் இதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். ராஸ் போன்ற புற்றுநோய் மரபணு இயங்கத் தொடங்கிய ஒற்றைச் செல்லைச் சூழ்ந்த நல்ல செல்கள், அதை ஒட்டிய ஓரங்களில் சில புரதங்களைத் திரட்டி, அதை நெருக்கி மேல்நோக்கித் தள்ளிவிடுகின்றன. தள்ளப்பட்ட செல் அடித்தளப் பிடிப்பை இழந்து உதிர்கிறது. வெள்ளையணு இல்லாமலேயே நடக்கும் பாதுகாப்பு இது. அதே ராஸ் செல்லைச் சுற்றிலும் நல்ல செல் இல்லாமல் எல்லாமே கெட்ட செல்லாக இருந்தால் எதுவும் வெளியேறாது. எமி நிஷிமுராவின் குழு 2019இல் தோலிலும் இப்படியொரு போட்டியைக் காட்டியது: சேதமேறிய தண்டுச் செல் அடித்தளத்தைப் பற்றியிருக்க உதவும் கொலாஜன்17 புரதத்தை இழக்க, வலுவான பக்கத்துச் செல் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதைவிட வியப்பான செய்தி இங்கிலாந்தின் சாங்கர் நிலையத்திலிருந்து வந்தது. இனிகோ மார்ட்டின்கொரேனாவும் சக ஆய்வாளர்களும் 2015இல் நான்கு பேரின் இமைத் தோலை ஆராய்ந்தபோது, எந்த நோயும் இல்லாத அந்தத் தோலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குச் செல்களில் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் இருந்தன. 2018இல் உணவுக்குழாயைப் பார்த்தார்கள். நடுவயதுக்குள் உள்தோலின் பெரும்பகுதியை நாட்ச்1 மரபணு மாறிய செல்கள் பிடித்துவிடுகின்றன. பி53 மாறியவையும் ஆங்காங்கே திட்டுத்திட்டாக உண்டு. ஆனாலும் பெரும்பாலோருக்கு உணவுக்குழாய்ப் புற்று வருவதே இல்லை. நாட்ச்1 மாற்றம் புற்றுக்கட்டியில் காணப்படுவதைவிட நல்ல உணவுக்குழாயில்தான் அதிகம். எலிகளில் செய்த சோதனையில், இப்படிப் பரவிய மாற்றுச் செல்கள் புதிதாக முளைத்த நுண்கட்டிகளை நெருக்கி வெளியேற்றுவது 2021இல் தெரியவந்தது.

ஆகவே, மரபணு மாறிய செல் இருப்பதே புற்றுநோய் அல்ல. நடுவயதைக் கடந்த எல்லோருடைய உடம்பிலும் அப்படிப்பட்ட செல்கள் உண்டு. அவற்றை அடக்கிவைத்திருக்கும் சூழல் குலையும்போதுதான் நோய் தலைகாட்டுகிறது.

காவல் எங்கே உடைகிறது

கன்னத்திலும் ஈறிலும் வரும் புற்று இந்தியாவுக்குப் பெரும் சுமை. உலகளாவிய புற்றுநோய் மரபணுத் திட்டத்தில் இந்தியா இதைத்தான் தேர்ந்துகொண்டது. மேற்கு வங்கத்துக் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனத்தின் பார்த்தா மஜும்தாரும், டாடா நினைவு மையத்தின் நவி மும்பை ஆராய்ச்சி வளாகமான ஏக்ட்ரெக்கின் ராஜீவ் சரினும் முன்னின்று நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அடிக்கடி மாறியிருந்த மரபணுக்களில் பி53, ஃபேட்1, காஸ்பேஸ்8, ஹெச்-ராஸ், நாட்ச்1 ஆகியவை இருந்தன. யு.எஸ்.பி.9எக்ஸ் போன்ற சில, இந்த வகைப் புற்றில் அதற்கு முன் அடையாளம் காணப்படாதவை.

இந்தப் பட்டியலை மேலே சொன்ன பாதுகாப்புகளோடு பொருத்திப் பார்த்தால் நோயின் வழி புலப்படுகிறது. பி53 போனால் சேதத்தை அறிந்து நிறுத்த ஆளில்லை. காஸ்பேஸ்8 போனால் சாவுக் கட்டளையை நிறைவேற்ற ஆளில்லை. நாட்ச்1 போனால் செல் முதிர்ந்து மேலேறி உதிரும் ஒழுங்கு தடுமாறுகிறது. ராஸ் மாறினால் பிரியும் வேகம் கூடுகிறது. ஒரே செல்வழியில் இவற்றில் பல சேர்ந்தால்தான் கட்டி. ஒன்றன்பின் ஒன்றாக இவை சேரப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில்தான் வெண்படலமும் செம்படலமும் இறுகிய கன்னமும் வெளியே தெரிகின்றன. இறுகிய கன்னம் உள்ளவர்களை எர்ணாகுளத்தில் 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது 7.6% பேருக்குப் புற்று வந்தது. 1985இல் வெளியான இந்தக் கணக்கு எச்சரிக்கையும்கூட, நம்பிக்கையும்கூட: பெரும்பாலோருக்கு அத்தனை காலமும் காவல் நின்றிருக்கிறது.

கருப்பை வாயில் காவலை உடைப்பது கிருமி. ஹெச்.பி.வி. வைரஸின் ஈ6 என்ற புரதம் பி53ஐப் பிடித்துச் சிதைத்துவிடுகிறது. ஈ7 புரதம் செல் பிரிவுக்கான இன்னொரு தடையை நீக்குகிறது. பெரும்பாலான பெண்களின் உடம்பு இந்த வைரஸை ஓரிரு ஆண்டுகளில் விரட்டிவிடும். தங்கிவிடும் சிலருக்கே ஆபத்து. அதற்கும் பல ஆண்டுகள் பிடிக்கும்.

டிராம்பேயின் கேள்வி, செம்பூரின் காற்று

செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கதிர்வீச்சும் டி.என்.ஏ.வை உடைக்கும்; அதற்கு உடம்பு ஈடுகொடுக்குமா என்பது அங்குள்ளவர்களின் கேள்வி. மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த கேரளத்துக் கொல்லம் கடற்கரையில் இந்த மையத்தின் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாக ஆய்வு நடத்துகிறார்கள். அங்கே வாழ்வோரின் ரத்தச் செல்களில் இரட்டை இழை முறிவுகள் கூடுதலாக இல்லை என்று அவர்களுடைய ஆய்வு காட்டியது. அந்தக் கடற்கரையின் கருநாகப்பள்ளி வட்டாரத்தில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்த திருவனந்தபுரம் ஆய்வாளர்களும், மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் அறிவித்தார்கள். அதே ஆண்டு அதே மக்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், புகையிலை மெல்லும் பெண்களுக்கு வாய்ப்புற்று அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. மணலின் கதிர்வீச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. செப்பனிடும் வேலை ஈடுகொடுத்துவிடுவதாகத் தோன்றுகிறது. கன்னத்தின் ஒரே மூலையில் நாள்தோறும் பல மணி நேரம் அடங்கும் புகையிலைக்கு அது ஈடுகொடுக்க முடியவில்லை.

செம்பூருக்கு இன்னொரு கவலை மூச்சுக்காற்று. மாஹுலின் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலையும் அனல் மின்நிலையமும் சூழ்ந்த பகுதி அது. புகைபிடிக்காதவருக்கும் நுரையீரல் புற்று ஏன் வருகிறது என்ற கேள்விக்கு லண்டனின் சார்லஸ் ஸ்வான்டன் குழு 2023இல் ஒரு விடை தந்தது. நுண்துகள் மாசு புதிய மரபணு மாற்றங்களைப் பெரிய அளவில் உண்டாக்கவில்லை. வயதாக ஆக இயல்பாகவே சேர்ந்து, உறங்கிக் கிடக்கும் மாற்றுச் செல்களை, அழற்சியின் வழியாக எழுப்பிவிடுகிறது. தனிமனிதர் விட்டுவிடக்கூடிய பழக்கம் அல்ல இது. காற்றைச் சுத்தமாக வைத்திருப்பது அரசும் ஆலைகளும் செய்ய வேண்டிய வேலை.

நிறுத்தினால் என்ன ஆகும்

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு நேரடியான விடை 2020இல் கிடைத்தது. பதினாறு பேரின் மூச்சுக்குழாய்ச் செல்களை ஒவ்வொன்றாக வளர்த்து மரபணு வரிசையைப் படித்தது சாங்கர் குழு. புகைபிடிப்போரின் செல்களில் ஆயிரக்கணக்கான கூடுதல் மாற்றங்கள் இருந்தன. புகையை விட்டவர்களிடமோ 40% வரையிலான செல்கள், புகையே பிடிக்காதவருடைய செல்களைப் போலச் சேதம் குறைந்து இருந்தன. புகைபிடிப்பவர்களிடம் இருப்பதைப்போல இது நான்கு மடங்கு. சேதமான செல்கள் சரியாகிவிடவில்லை. எங்கோ தப்பிப் பிழைத்திருந்த நல்ல செல்கள், தாக்குதல் நின்றதும் பெருகிப் பரவி இடத்தை மீட்டிருக்கின்றன.

வாயிலும் இதற்கு இசைவான சான்று உண்டு; அது இந்தியாவில்தான் கிடைத்தது. மேத்தா, பிரகாஷ் குப்தா குழுவினர் 36,000 புகையிலைப் பழக்கக்காரர்களிடம் விழிப்புணர்வுப் பணி செய்து, 1986இல் லான்செட்டில் முடிவைத் தந்தார்கள். பழக்கத்தை விட்டவர்களிடமும் குறைத்தவர்களிடமும் புதிதாக வெண்படலம் தோன்றுவது குறைந்திருந்தது. எல்லாம் மீளும் என்று இதற்குப் பொருளில்லை. நாரேறி இறுகிய கன்னம் பழைய நெகிழ்வுக்கு எளிதில் திரும்பாது. அவர்களுக்குத் தொடர் கண்காணிப்பு தேவை.

குறுக்குவழியும் இல்லை. காவலை மாத்திரையால் வலுப்படுத்தலாம் என்று எண்ணி, பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்துப் பீட்டா கரோட்டின் சோதனை நடந்தது. 1994இல் வந்த முடிவு அதிர்ச்சி தந்தது: மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18% கூடியிருந்தது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சில பொருள்கள் டி.என்.ஏ. சேதத்தைக் குறைத்து, அதனாலேயே பி53ஐ விழிக்கவிடாமல் செய்து கட்டியை வளர்க்கின்றன என்று 2014இல் எலிகளில் நடந்த ஆய்வு ஒரு விளக்கம் தந்தது.

மாறாக, காவல் உடையத் தொடங்கும் ஆண்டுகளில் வெறும் கண்ணால் பார்ப்பது பலன் தருகிறது. திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணன் குழு சுமார் 1,90,000 பேரிடம் நடத்திய சோதனையில், புகையிலையோ மதுவோ பழகியவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் அவ்வப்போது பார்த்ததால் வாய்ப்புற்று மரணம் 34% குறைந்தது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய சோதனையில், 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 1,50,000 பெண்கள் இருந்தார்கள். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்துக் கருப்பை வாயில் தடவினால், உட்கரு பெருத்து நெருங்கிய செல்கள் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். மருத்துவர்கள் அல்லாத பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் பார்த்ததில், பன்னிரண்டு ஆண்டுகளில் கருப்பை வாய்ப்புற்று மரணம் 31% குறைந்தது. ஒப்பீட்டுக்காக ஒரு பாதிப் பெண்களுக்குப் பரிசோதனை தராமல் விட்டது நியாயமா என்ற கடும் விவாதமும் எழுந்தது. எழ வேண்டிய விவாதம்தான் அது. திண்டுக்கல் மாவட்டத்தில் இதே முறையில் ஒரேயொரு முறை பார்த்ததிலேயே இறப்பு 35% குறைந்ததாக 2007இல் லான்செட் வெளியிட்டது.

இந்த முறைகளுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஆனாலும் இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 1,40,000 பேர் புதிதாக வாய்ப்புற்றுக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலோர் முற்றிய பிறகே மருத்துவமனைப் படியேறுகிறார்கள். 2016–17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 21.4% பேர், அதாவது சுமார் இருபது கோடிப் பேர், புகையில்லாப் புகையிலை பயன்படுத்தினார்கள். அத்தனை பேரின் வாயையும் புற்றுநோய் மருத்துவர்களால் பார்க்க முடியாது. ஆஷா பணியாளரும் பல் மருத்துவ மாணவரும் பேட்டைச் சங்கங்களும் செய்ய முடியும். பொங்கலுக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் ரத்ததான முகாம் நடத்தும் தாராவி இளைஞர் மன்றங்கள் வாய்ப் பரிசோதனையையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் உண்டு. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து இருபுறமும், ஈறு, உதட்டின் உட்பக்கம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை பார்க்கலாம். துடைத்தாலும் போகாத வெண்படலம், வெல்வெட் போன்ற செம்படலம், மூன்று விரலை நெட்டுக்குத்தாக நுழைக்க முடியாத அளவுக்குச் சுருங்கிய வாய், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. வாய்ப்புண்ணுக்கு மருத்துவர்கள் இரண்டு வாரக் கெடு வைப்பதற்கும் காரணம் உண்டு. உள்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் ஆகும். அதற்குள் ஆறாத புண்ணில் அந்தப் புதுப்பித்தல் தடைபட்டிருக்கலாம். அப்படிப்பட்ட புண்ணோடு இருப்பவர் தாராவியிலோ மாதுங்காவிலோ இருந்தால் சயான் மருத்துவமனை கூப்பிடு தூரம். நாயர் பல் மருத்துவமனையும் பரேலின் டாடா நினைவு மருத்துவமனையும் செம்பூரிலிருந்தும் ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடியவை.